சூடேறாத வண்டி

அன்று காரில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டும் சீட்டில் சஃபீர், அவன் பக்கத்தில் அவனுடைய அக்கா உம்மு ஹபீபா. பின்னால் ஒரு ஓரம் அவள் மகள் அஃபீஃபா, மறு ஓரம் நான். எங்களுக்கு நடுவில், உச்சிப்புளியில் பிள்ளை பெற்றிருந்த உறவுக்காரிக்கான பலகாரத் தூக்குவாளி.

நான்கு வருடமாக அந்த ஓட்டும் சீட்டு என்னுடையது. உம்மு ஹபீபாவின் கணவன் சலாஹுதீன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஷார்ஜாவுக்குப் போகும்போது வீட்டுச் சாவியை அவளிடமும் கார்ச் சாவியை என்னிடமும் கொடுத்தான். நான் திருப்பாலைக்குடியில் விசைப்படகு ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால், வாரம் தவறாமல் அன்று காலை போய் அந்த டீசல் வண்டியைக் கிளப்பி வைப்பேன். போன மாதம் சஃபீர் கத்தாரை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். பத்து நாளாகச் சாவி அவன் இடுப்பில்.

"இனி சாவி யார்ட்ட இருக்கணும்னு காதர் மைதீன் எழுதட்டும், அவன் சொல்றதுதான் முடிவுன்னுட்டாக அவுக" என்று தன் கணவன் சொன்னதை உம்மு ஹபீபா முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தாள். காதர் மைதீன் நான்தான். எனக்கும் சலாஹுதீனுக்கும் கடிதம்தான். வாட்ஸ்அப் என்றால் பெருவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். முடிவை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்: 'உன் மச்சினன் வண்டியைச் சூடாக்காமல் எடுக்கிறான். இஞ்சின் ஆறு மாதம் தாங்காது.'

மழை விட்ட மார்கழிக் காலை. வண்டி சில்லிட்டுக் கிடந்தது. சஃபீர் சாவியைப் பாதி திருப்பி, டாஷ்போர்டில் சுருள் போட்ட மஞ்சள் விளக்கு அணையும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். அணைந்ததும் கிளப்பினான். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே இல்லை. அரை நிமிடம்தான், வண்டி நகர்ந்துவிட்டது.

"ஏலே, சூடே ஏறலயே. நாலு ரேஸ் குடு" என்றேன்.

"வேணாம் காக்கா. ஆயில் மேல ஏறுமுன்ன முறுக்குனா உள்ளதான் தேயும். மெதுவா ஓட்டுனா ஓட்டத்துலயே சூடாயிரும்."

"போட்டுல அரை மணி நேரம் ஓடவிட்டு, நல்லா முறுக்கிப் பாத்துத்தான் நங்கூரத்தத் தூக்குவோம். அங்கன நின்னுபோனா யாரு வருவா?"

"இங்கன நின்னா ஓரங்கட்டிட்டு டீ குடிக்கலாம் காக்கா."

உம்மு ஹபீபா சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"பெரியத்தா எடுத்தா வீடெல்லாம் பொகை வரும்ல" என்று என்னைச் சொன்னாள் அஃபீஃபா. "அதான் வெள்ளிக்கெழமை உம்மா கொடித்துணியெல்லாம் உள்ள எடுத்துருவாங்க."

"சும்மா இரு புள்ள" என்றாள் உம்மு ஹபீபா.

நான்கு வருடம். நான் வாசலுக்கு வரும்போதெல்லாம் அவள் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போவதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

தேவிபட்டினம் வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எங்காவது ஒரு தட்டல், ஒரு இருமல் கேட்காதா? சூட்டு முள் நடுவுக்கு ஏறும்வரை அவன் வண்டியை விரட்டவில்லை. அதன் பிறகுதான் கால் கொடுத்தான். தண்ணீரில் வழுக்குகிற மாதிரிப் போனது. எனக்கு ஒருநாளும் அது அப்படி ஓடியதில்லை. அதுதான் தாங்கவில்லை.

உச்சிப்புளியில் அவர்கள் பிள்ளை பார்க்கப் போனார்கள். நான் தபாலாபீஸ் எதிரில் ஒரு கடையில் தாளும் கவரும் வாங்கி, பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஒன்று, சுருள் விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டும். இரண்டு, கிளப்பும்போது ஆக்சிலேட்டரில் கால் கூடாது. மூன்று, அரை நிமிடத்துக்கு மேல் நிறுத்தி ஓடவிடக் கூடாது. நான்கு, முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாகவே போக வேண்டும். 'வண்டியை இப்படித்தான் எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். சாவி என்னிடமே இருக்கட்டும்.' சஃபீர் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. இருமுறை படித்து உறுதி செய்துகொண்டேன்.

கவரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது சஃபீர் வந்துவிட்டான்.

"மச்சானுக்கா? குடுங்க காக்கா, வெயிட் பாத்து ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுட்டு வாரேன். நீங்க இதப் பிடிங்க."

கார்ச் சாவியை என் கையில் வைத்துவிட்டு, கடிதத்தோடு தபாலாபீஸ் படியேறினான்.