ஊற்றாமல் இறங்கிய வண்டி

ருரெனபாகே போகும் விமானம் இன்னும் கிளம்பவில்லை என்று ஒலிபெருக்கி மறுபடியும் சொன்னபோது தியொடோரா மூட்டையை முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டாள். அங்கே காட்டில் விடாத மழையாம், ஓடுதளத்தில் தண்ணீர் நிற்கிறதாம். இங்கே லா பாஸ் நகரத்துக்கு மேலே, மலைமேட்டு விமான நிலையத்தில், வெயில் கண்ணைக் கூசவைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஹிலாரியோன், செத்துப்போன அவள் புருஷனின் தம்பி, மூட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டான்.

"உக்காருங்க அண்ணி. மழை விட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள அங்க இறங்கிடலாம்."

"விடலேன்னா?"

"விடும்."

"ஏன், மேகத்துகிட்ட பேசிட்டு வந்தியா?"

அவன் சிரிக்கவில்லை. நாளைக் காலை ருரெனபாகேக்குப் பக்கத்தில் அவர்கள் குடியேற்றத்தில் நிலச் சங்கக் கூட்டம். நிலத்துக்குரிய ஆள் நேரில் நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் நிலம் குடும்பத்தில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். முதல் கூட்டத்தின்போது அவள் துக்கத்தில் கிடந்தாள். இரண்டாவதுக்குக் கிளம்பியபோது மறியல்காரர்கள் சாலையில் பாறைகளை உருட்டிப் போட்டிருந்தார்கள். இது மூன்றாவது. அவள் புருஷன் தமியான் காட்டை வெட்டித் திருத்தி நட்ட கொக்கோ மரங்கள் இந்த வருடம்தான் காய் பிடித்திருக்கின்றன. ஊர் ஊராகச் சிமெண்டு குழைத்த அவள் கைகளுக்கு அந்த மரநிழலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. பிள்ளைகளும் இல்லை. குடும்பத்தில் அடுத்த ஆள் ஹிலாரியோன்தான். விமானத்துக்குச் சீட்டு எடுத்ததும் அவன்தான். அது அக்கறையா வேறு ஏதாவதா என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது.

"நான் பஸ்ஸுலயே போறேன்" என்றாள்.

"அந்த ரோட்டுலயா? அண்ணன முழுங்கின ரோடு அண்ணி அது!"

"முழுங்கினது போதும்னு இருக்கும், போ."

அவள் விடுவிடென்று நடந்தாள். பேருந்து நிலையத்தில் மதிய வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்த பிறகு, புழுதி படிந்த சப்பாத்துகளோடு ஹிலாரியோனும் மூச்சிரைக்க ஏறிப் பின்னால் உட்கார்ந்தான்.

கணவாய் உச்சியில் எல்லா வண்டியும் நிற்கும். அதற்குப் பிறகு காடு வரை இறக்கம்தான். ஓட்டுகிறவன் இறங்கி, நாலு சக்கரத்துக்கும் மண்ணுக்கும் சாராயம் தெளித்து, பூமித்தாய்க்குக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான். இந்த ஓட்டுநரோ நிற்காமல் போனான். வண்டிக்குள் ஒரே கூச்சல். ஜன்னல் தகரத்தை மடமடவென்று தட்டினார்கள். அவன் வண்டியை ஓரங்கட்டித் திரும்பினான். நறுக்கிவிட்ட மீசை, சட்டைப்பையில் சின்ன வேதப்புத்தகம்.

"நான் சபைக்காரன். குடிக்கிறதும் இல்ல, ஊத்துறதும் இல்ல. ஜெபம் பண்ணிட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

"உன் சாமி மேல இருக்காருப்பா, வண்டி தரையிலல்ல போகுது!" என்றாள் பழக்கூடைக்காரி ஒருத்தி.

"நீங்க ஊத்துங்கம்மா. நான் தடுக்கல."

"சக்கரத்தப் பிடிக்கிற கைதான் ஊத்தணும். இதுகூடத் தெரியாம எவன்டா உன்ன வண்டில ஏத்தினான்?"

முதலில் இறங்கியது வண்டியின் உதவியாள். பனிக்காற்றில் கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு, "எனக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றான். பின்னாலேயே பாதி வண்டி இறங்கியது. அடுத்த வண்டி வரும், அந்த ஓட்டுநர் ஊற்றுவான், அதில் போய்க்கொள்ளலாம் என்று பேச்சு. ஹிலாரியோன் அவள் மூட்டையை எடுத்துக் கீழே வைத்தான்.

"இறங்குங்க அண்ணி."

தியொடோரா இறங்கினாள். அவளுக்கும் பயம்தான். பிறந்ததிலிருந்து ஊற்றாமல் இந்தக் கணவாயை அவள் தாண்டியதில்லை.

"அடுத்த வண்டி எப்ப வரும்?" என்று ஓட்டுநரிடம் கேட்டாள்.

"வந்தாத்தான் தெரியும் அம்மா. கீழ மண் சரியுதுன்னு சொல்றாங்க. சாயங்காலம் ரோட்ட மூடினாலும் மூடுவாங்க."

அவள் ஹிலாரியோன் பக்கம் திரும்பினாள். "உங்க அண்ணன் போன வண்டிக்கு ஊத்தினாங்களா இல்லையா?"

அவன் முகம் கறுத்தது. "ஊத்தினாங்க."

"எவ்வளவு?"

சக்கரத்துக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று அந்த ஓட்டுநர் ஊற்றியதைப் பிழைத்து வந்த ஒருத்தன் அடக்கத்தன்று சொன்னான். பூமித்தாய்க்குப் பசி, எடுத்துக்கொண்டாள் என்று சொல்லி அவன் வாயை அடைத்தது இதே ஹிலாரியோன்தான்.

"நாளைக்கு என் பேரக் கூப்பிடுறப்ப நான் இல்லேன்னா, அடுத்தது யாரு பேரக் கூப்பிடுவாங்க?"

அவன் அவளைப் பார்த்தான். "அப்படியா நெனைக்கிறீங்க என்னப் பத்தி?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கதவு மூடும் நேரத்தில் அவனும் தாவி ஏறினான்.

தார் முடிந்து மண்சாலை வந்தது. சாயங்காலப் பனிமூட்டம் மலையிடுக்கிலிருந்து எழும்பி மூடியது. இந்தப் பகுதியில் இறங்குகிற வண்டிதான் பள்ளத்து ஓரமாகப் போக வேண்டும். அவள் ஜன்னலுக்கு வெளியே சாலை இல்லை, வெறும் வெள்ளை. ஒரு வளைவில் எதிரே கனமான ஹாரன் அலறியது. மரம் ஏற்றிய லாரி, மூச்சுத் திணறி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிறவனுக்குத்தான் வழி. இறங்குகிறவன் பின்னால் போக வேண்டும்.

"உதவியாளும் இல்ல" என்றான் ஓட்டுநர். "யாராச்சும் இறங்கிப் பின்சக்கரத்தப் பாத்துச் சொல்லுங்க. ஒரு தட்டுன்னா வரலாம். சேர்ந்தாப்புல ரெண்டு தட்டுன்னா நிறுத்தணும்."

யாரும் அசையவில்லை. பிறகு பின்னாலிருந்து ஹிலாரியோன் எழுந்தான். அவளைக் கடக்கும்போது அவன் கை இருக்கையின் கம்பியைப் பிடித்தது. அவன் இறங்கிப் பனிக்குள் போனான், ஆள் மறைந்தான். வண்டி உடனே பின்னால் நகர்ந்தது. தியொடோரா எழுந்து நின்றாள். இறங்க நேரமில்லை.

"வா... வா... வரலாம்..." அவன் குரல் மட்டும் கேட்டது. அவள் கணவனின் குரலைப் போலவே இழுத்துப் பேசும் குரல்.

பின் தகரத்தில் அவன் உள்ளங்கை ஒரு தடவை தட்டியது. சக்கரம் ஒரு கல்லை நசுக்கியது. கல் தெறித்துப் போய் எங்கேயும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. வண்டியின் பின்பக்கம் மெல்லச் சாய்ந்தது. இன்னொரு தட்டு. தியொடோரா கண்ணாடியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, அதோடு சேர்ந்தாற்போல வந்து வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டிய அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தாள்.