வேதியியலில் எட்டாவது ஆள்

என் மனைவி வேதியியல் ஆசிரியை. டீக்குத் தண்ணீர் அளக்கும்போதுகூட முட்டியை மடக்கிக் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு சொட்டு கூடிவிட்டால் உறிஞ்சி எடுக்கத் தனியாக ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருக்கிறாள். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில், நாளைக்கு நாலு என்று வைத்தாலும், நாற்பதாயிரம் டீ குடித்திருப்பேன். நாற்பதாயிரமும் ஒரே ருசி.

நானும் அதே பள்ளிக்கூடத்தில் அலுவலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். நான் உலகத்துக்கு விட்டுவந்த சொத்து ஒரு படிவம். கடைசி வகுப்பில் நான்கு பாடம் படிப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன் ஒன்றைக் கைவிட வேண்டும்; மீதி மூன்றின் மதிப்பெண்தான் செல்லும். அதற்கான படிவம் அது. நான்கு பாடத்துக்கு நான்கு வரிசை, வரிசைக்கு ஒரு கட்டம், பக்கத்தில் கையெழுத்துக்கு இடம். கைவிடும் பாடத்தின் ஆசிரியரிடம் மாணவர் நேரிலேயே போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த விதியால் ஆசிரியர் அறை வாசலில் சிந்திய கண்ணீரில் படகு விடலாம். ஆளுக்கு ஒரே படிவம். தொலைத்தாலும் புரண்டு அழுதாலும் இரண்டாவது கிடையாது. தலைப்பில் எறும்பு சைஸில் ஒரு குறிப்பும் உண்டு. அதை யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மாடி வீட்டிலிருந்து நண்டு இறங்கி வந்தாள். நண்டு என் மனைவியின் தங்கை மகள். மனசில் எதையாவது மறைத்தால் பக்கவாட்டில்தான் நடப்பாள். அதனால் அந்தப் பெயர். அன்றைக்குச் சுவரோடு சுவராக வந்தாள்.

"பெரியம்மா இல்லல்ல?"

"ஸ்கூல்ல மீட்டிங். உக்காரு."

"கையெழுத்து இல்லாம ஃபாரத்தை வாங்குவாங்களா பெரியப்பா?"

"வாங்க மாட்டாங்க."

"எவன் போட்டான் இந்த ரூலை?"

"எவனோ ஒரு கிறுக்கன்."

"அவன் உருப்படுவானா?"

"பென்ஷன் வாங்கிக்கிட்டு ஜம்முன்னு இருக்கான்."

விஷயம் இதுதான். நண்டுக்கு நில அளவையும் வரைபடமும் படிக்க ஆசை. ஐந்து வயதில் எங்கள் குளியலறைக்கே வரைபடம் போட்டவள், அளவுகோலோடு. அந்தப் படிப்புக்குப் புவியியல் கட்டாயம். மூன்று பாடத்தின் சராசரி எழுபத்தைந்தாவது வேண்டும். புவியியலில் தொண்ணூற்று நாலு, கணக்கில் எண்பத்திரண்டு, இயற்பியலில் எழுபத்தெட்டு, வேதியியலில் நாற்பத்தொன்று. எதைக் கைவிட வேண்டும் என்று வாசல் மணியைக் கேட்டால் அதுகூடச் சொல்லிவிடும்.

ஆனால் வேதியியல் வகுப்பில் இருப்பதே எட்டுப் பேர். எட்டுக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். ஆய்வகம் பூட்டப்படும், என் மனைவி ஆறாம் வகுப்புக்குப் போய் இலை, தண்டு, வேர் என்று பாடம் எடுக்க வேண்டும். எட்டாவது ஆள் நண்டு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கெடு.

புதன்கிழமை மாடியில் பஞ்சாயத்து கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள், நாற்காலியை ஜன்னலோரமாகப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். நண்டின் அம்மா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். மடியில் ஒரு ஃபிரேமை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் கண்ணாடியே இல்லை.

"புவியியலை விட்டுடுடி. அளவை இல்லன்னா வேற ஏதாவது படி. அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"வேற எதைம்மா படிக்கறது?"

"உலகத்துல படிப்பா இல்ல? அத்தான், நீங்க சொல்லுங்களேன்."

"நான் அலுவலகம். கருத்து சொல்றதில்ல" என்றேன்.

நண்டின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பேசுவது அபூர்வம், பேசினால் லிஃப்ட்தான் பேசும். "எடை கூடிப்போனா ஒருத்தர் இறங்கித்தான் ஆகணும். கடைசியா ஏறினவங்க இறங்குவாங்க."

"கடைசியா எடுத்தது புவியியல்தான்" என்றாள் அம்மா, சட்டென்று பிடித்துக்கொண்டு.

அவர் விழித்தார். "அப்போ கனமானவங்க இறங்கட்டும்."

"கனம்னு எங்க அக்காவைச் சொல்றீங்களா?"

அதோடு லிஃப்ட் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை நண்டு புவியியல் வரிசையில் டிக் அடித்து, புவியியல் ஆசிரியரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். அந்த மனிதர் மறுநாள் காலையில் ஆசிரியர் அறையில் என் மனைவியிடம் புலம்பியிருக்கிறார்: "என்னோட முதல் மாணவி டீச்சர்! நில அளவைன்னு உயிரை விடுவா. போயிட்டா. என்ன காரணம்னு கேட்டா சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கறா."

மதியம் இரண்டரைக்கு என் மனைவி ஆய்வக அங்கியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைந்தாள். ஒரு கையில் மதிப்பெண் பதிவேடு, இன்னொரு கையில் நண்டு. சத்தம் கேட்டு மாடிக் குடும்பமும் இறங்கிவிட்டது.

"உன் மார்க் என்ன?"

"நாப்பத்தொண்ணு, பெரியம்மா."

"அதுல ஆறு மார்க் கை சுத்தமா இருந்ததுக்கு நான் போட்டது. எதுக்குடி புவியியலை விட்ட?"

நண்டு பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தாள். அவள் அம்மாதான் வாயைத் திறந்தாள்: "உனக்காகத்தான்க்கா. வகுப்பை மூடிட்டா நீ..."

என் மனைவி பதிவேட்டை மேசையில் போட்ட வேகத்தில் மூன்று தெருவுக்கு அப்பால் நாய் குரைத்தது. "என் வகுப்புல பாவம் பாத்து உக்காந்திருக்க எனக்கு யாரும் வேணாம். நான் என்ன நோயாளியா? எடு அந்த ஃபாரத்தை. மாத்து."

"மாத்த முடியாது பெரியம்மா. ஒரு ஃபாரம்தான். டிக் அடிச்சாச்சு, பேனாவுல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் விதி என் வீட்டுக்கே வந்து மேசைமேல் படுத்திருந்தது. நான் படிவத்தை எடுத்தேன். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, இளிக்கற நேரமா இது?"

"மேல இருக்கற குறிப்பைப் படி."

சகலை தன் மனைவியின் கடைச் சரக்கிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். நண்டு படித்தாள்: 'தொடர விரும்பும் பாடங்களுக்கு மட்டும் டிக் இடவும்.'

கைவிடும் பாடத்துக்கு அல்ல. வருடா வருடம் பாதி வகுப்பு இதையேதான் தப்பாகச் செய்யும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திருத்துவேன். படிவத்தை மாற்றச் சொல்லி ஆறு தலைமையாசிரியர்கள் கெஞ்சியும் நான் மசியவில்லை. இப்போது அந்தப் படிவத்தின்படி நண்டு புவியியலைத் தொடர விரும்பியிருந்தாள். பக்கத்தில் இருந்த கையெழுத்து உபரி. உபரிக் கையெழுத்தை அலுவலகம் கண்டுகொள்ளாது. கணக்குக்கும் இயற்பியலுக்கும் டிக் அடித்தால் போதும். வேதியியல் கட்டம் காலி.

"முப்பது வருஷமா இதைத்தான் முட்டாள் ஃபாரம்னு கத்திக்கிட்டிருக்கேன்" என்றாள் என் மனைவி.

"இப்பவும் அதேதான்" என்றேன்.

நண்டு இரண்டு டிக் அடித்தாள். பேனாவை நீட்டவில்லை. என் மனைவிதான் அவள் விரலிலிருந்து அதை உருவினாள். வேதியியல் வரிசைக்கு எதிரே குனிந்து, கண்ணைத் தாளுக்கு நேராகக் கொண்டுபோய், கோட்டுக்கு மேலே ஒரு நூல்கூட ஏறாமல் கையெழுத்துப் போட்டாள்.

"ஓடு. மூணு இருபது ஆச்சு."

நண்டு நேராக ஓடினாள்.

அடுத்த மாதம் ஆய்வகத்தைப் பூட்டினார்கள். மீதி ஏழு பேரைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். முதல் நாள் என் மனைவி அங்கியில் பச்சைக் கறையோடு வந்தாள். மாடியிலிருந்து நண்டு இறங்கி வந்து டீ டம்ளர்களை எடுத்து வைத்தாள். என் மனைவி பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டாள். குனியவில்லை, பார்க்கவில்லை.

நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் முதல் முறையாக டீ வாயில் வைக்க முடியாமல் இருந்தது. மூன்று பேரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.