லிஃப்ட் மெக்கானிக்கின் மூன்றாவது கத்தி

லிஃப்ட் மெக்கானிக்குக் கத்தி செய்யும் ஆசை வந்ததற்குக் காரணம் அவர் மனைவியின் வலது கை. ஆறு மாதத்துக்கு முன் அதில் ஒரு ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு மூன்று விரல்கள் பாதிக்கு மேல் மடங்க மறுத்துவிட்டன. கடைக் கத்திகளின் ஒல்லிப் பிடி அந்தக் கையில் நிற்காமல் வழுக்கியது. அவளோ ஆலை கேன்டீனில் பதினெட்டு வருஷம் காய் நறுக்கியவள். ஒன்றாம் தேதிக்குள் நறுக்க முடியாவிட்டால் டோக்கன் கொடுக்க உட்காரலாம் என்று மேலாளர் பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தார். அதற்கு வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்றாள் அவள். சொன்னாளே தவிர, அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தடிமனான பிடி போட்டுத் தானே ஒன்று செய்து தருவதாக மெக்கானிக் வாக்குக் கொடுத்தார். கத்தியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது வெட்டும் என்பதுதான்.

கொல்லையில் நாலு செங்கல், ஒரு மூட்டை கரி, காற்று ஊத மனைவியின் ஹேர் டிரையர். பட்டறை அவ்வளவுதான். தேய்ந்த அரம் ஒன்றைக் கத்தி வடிவுக்குத் தேய்த்து, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். ‘டிங்’ என்று அழகாகச் சத்தம் கேட்டது. வாயெல்லாம் பல்லாக வெளியே எடுத்துப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை விரிசல். அடுத்ததை எண்ணெயில் முக்கினார். விரிசல் இல்லை. தலைகால் புரியாமல் அதை மைத்துனரிடம் காட்ட ஓடியபோது கைதவறி விழுந்து கண்ணாடி மாதிரி இரண்டாக உடைந்தது. எண்ணெயிலிருந்து எடுத்ததும் மிதமான சூட்டில் நேரம் எடுத்து வைத்து அதன் விறைப்பைத் தணிக்க வேண்டும். அதைப் படித்துத்தான் இருந்தார், பொறுமைதான் இல்லை. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம் மச்சான் என்று ஆறுதல் சொன்னார் மைத்துனர்.

மூன்றாவது பிழைத்தது. நாலு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து மரப்பிடியை இழைத்தார். இழைப்பதும் பிடித்துப் பார்ப்பதுமாக, கையோடு ஒட்டிக்கொள்ளும் வரை விடவில்லை. மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கிய வேகத்தில் கத்தி உள்ளங்கைக்குள் சுழன்று பலகையில் விழுந்தது.

“யார் கைக்கு அளவு பார்த்தீங்க?” என்றாள் அவள்.

மெக்கானிக் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மனைவிக்குச் செருப்பு வாங்கப் போய்த் தன் காலை நுழைத்துப் பார்க்கிறவனை என்ன சொல்வது? அசடு வழிய நின்றார்.

அவள் அடுப்படியில் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடித்து, அவர் முன் வைத்தாள்.

“இதுதான் என் கை. இதுக்குச் செய்யுங்க.”

கட்டைவிரல் ஆழமாகப் பதிந்திருந்தது. சுட்டுவிரலின் தடமும் இருந்தது. மற்ற மூன்றும் இருக்க வேண்டிய இடத்தில் மாவு பிதுங்கி நின்றது. ஆறு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையை அவர் இப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. மாவைக் காயவைத்து, அதன் மேடு பள்ளத்தை அப்படியே மரத்தில் இறக்கினார். வந்த பிடி கோணல் கிழங்கு மாதிரி இருந்தது. அவர் கையில் அது உட்காரவே இல்லை.

ஒன்றாம் தேதி அவள் அதைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனாள். மெக்கானிக் அன்று ஐந்தாம் மாடி லிஃப்டைப் பழுது பார்க்கப் போய் மூன்றாம் மாடியில் இறங்கி நின்றார்.

சாயங்காலம் வந்தவள் பையை வைப்பதற்குள் பொரிந்து தள்ளினாள். பிடியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களாம். மத்தியானத்துக்கே கூர் போய், தக்காளிகூட நசுங்கியதாம். இதெல்லாம் ஒரு கத்தியா என்று கேட்டாள்.

மற்றது எதுவும் மெக்கானிக்கின் காதில் ஏறவில்லை.

“மத்தியானம் வரைக்கும் நறுக்கினியா?”

“நாப்பது கிலோ. கை வலி உயிர் போகுது,” என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மெக்கானிக் சாணைக்கல்லைத் தேடிக் கொல்லைக்குப் போனார்.