கொசுறாக வந்த உயரம்

2021 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கனடாவில் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே ஒரு தெரு மட்டும் இரண்டாயிரத்து அறுநூற்று எண்பது மீட்டர் உயர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நிலம் எழும்பவில்லை, சுவர் வெடிக்கவில்லை, நிறுத்தியிருந்த கார்கள் உருளவில்லை. பார்வைக்கு எல்லாம் பழையபடியே இருந்தது. மூச்சுக்கும் கொதிக்கும் தண்ணீருக்கும் கடையில் தொங்கிய மிக்சர் பைக்கற்றுகளுக்கும் மட்டும் அது தெரிந்தது. தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் சண்முகலிங்கம் கதவைத் திறந்தபோது பைக்கற்றுகளெல்லாம் புதுத் தலையணைகள்போல் உப்பியிருந்தன. உள்ளே கூடுதலாக இருக்கிறதென்று எண்ணிச் சனம் மத்தியானத்துக்குள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு போனது. சண்முகலிங்கம் யாரையும் திருத்தவில்லை. வாங்குகிறவர் தானாக நினைத்துக்கொள்வதற்கெல்லாம் விற்கிறவர் பொறுப்பெடுக்க முடியாது. கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அவர் மனைவி செல்வமலர் அடுப்பில் வைத்த சோறு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் அரிசியாகவே கிடந்தது. இது என்ன அரிசி என்று கேட்கக் கீழே இறங்கியவர், வீட்டுக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டின் நடுவில் நின்றுவிட்டார். அவருக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு, ஆஸ்துமா. மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்தும் மூச்சு பாதி வழியிலேயே நின்றது. அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள், மனைவியின் காலடி எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு காதைப் படிக்கட்டில் வைத்தபடியேதான் சண்முகலிங்கம் வியாபாரம் செய்தார்.

இதற்கெல்லாம் காரணம் ஓர் உதைபந்தாட்டக் கழகம். மெக்சிக்கோவின் மலைநாட்டில் சாந்தா நூபே என்ற ஊரின் நூலாலைத் தொழிலாளர்கள் 1953இல் அதைத் தொடங்கினார்கள். நீலச் சட்டை, நெஞ்சில் ஒரு வெள்ளை முகில். நாற்பது ஆண்டுகள் மூன்றாம் பிரிவிலேயே கிடந்த அந்தக் கழகம் சொந்த ஊரில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை, வெளியூரில் ஒருமுறைகூட வென்றதில்லை. கீழிருந்து பஸ்ஸில் ஏறிவரும் அணிகள் முதற் பாதி முடிவதற்குள் புல்லில் உட்கார்ந்துவிடும். அந்த உயரத்தில் மூச்சு அவ்வளவுதான். பிறகு ஆலை மூடப்பட்டது, கழகம் விலைக்கு வந்தது. அங்கே கீழ்ப்பிரிவுக் கழகங்களை விற்பதும் வாங்குவதும் ஓடுகிற கடையைக் கைமாற்றுவதுபோலத்தான்: பெயர், நிறம், பட்டியலில் இருக்கும் இடம் எல்லாம் சேர்த்து ஒரு விலை. துறைமுக ஊர் ஒன்றின் சீமெந்து வியாபாரி வாங்கினார். விலை படிந்து கைகொடுத்த பிறகு, மேலே என்ன போட்டுத் தருகிறீர்கள் என்று கேட்டார். நாம் கொசுறு என்பதை அங்கே பிலோன் என்கிறார்கள். தக்காளி வாங்கினாலும் கேட்பார்கள், கழகம் வாங்கினாலும் கேட்பார்கள். வலை, பந்து, விசில்வரை ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்த தலைவர் யன்னலுக்கு வெளியே முகில்களைப் பார்த்தார். எங்கள் ஊரின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பகிடி என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அடுத்த வாரம் துறைமுகத்தில் மீனவர்கள் வலை இழுக்க முடியாமல் மணலில் படுத்தார்கள். சாந்தா நூபேயில் வெக்கை தொடங்கியது. இன்று அந்த ஊரில் வாழை நல்ல குலை தள்ளுகிறது.

சீமெந்துக்காரரிடமிருந்து ஒரு பஸ் முதலாளிக்கு, அவரிடமிருந்து செத்தல் மிளகாய் ஏற்றுமதி செய்யும் எவரிஸ்தோவுக்கு என்று கழகம் கைமாறியது. ஒவ்வொரு முறையும் வாங்கியவர் கொசுறு கேட்டார், ஒவ்வொரு முறையும் உயரம் கூடவே போனது. எவரிஸ்தோவிடம் மிளகாய் வாங்குகிறவர்களில் ஒருவர் நம் சண்முகலிங்கம். அவருக்குக் கழகம் தேவைப்பட்டது எங்கள் பெடியங்களால். பனி தள்ளும் வண்டி ஓட்டும் தனோஜன், டவுன்டவுன் உணவகம் ஒன்றில் சமைக்கும் விதுர்சன் முதலானவர்கள் நல்ல அணியொன்று வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் சேர நினைத்த லீக்கில் புதுக் கழகங்கள் வரிசையில் நிற்க வேண்டும், பழைய கழகம் என்றால் நேரே உள்ளே போகலாம். கடை வாசலில் நின்று அவர்கள் முனகியது சண்முகலிங்கத்தின் காதில் விழுந்தது. பழையது வேண்டுமென்றால் பழையதை வாங்கினால் போயிற்று. கல்லூரியில் ஸ்பானிய மொழி படித்த மகள் வினோஜாவைத் தொலைபேசியில் இருத்திப் பேரம் பேசினார். விலை படிந்தது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. தொலைபேசியைப் பொத்திக்கொண்டு, "மேல என்ன போடுறாராம், கேளு பிள்ளை" என்றார்.

வினோஜா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "தாறதுக்கு இனி ஒண்டும் இல்லையாம் அப்பா. ஊரின்ர உயரத்தை வேணுமெண்டா எடுக்கட்டாம்."

"காசு கேக்கிறாரோ?"

"இல்லை, சும்மாதானாம்."

"சும்மா எண்டா போடச் சொல்லு."

அவ்வளவுதான். கழகத்தைக் கடை விலாசத்திலேயே பதிந்தார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

தெரு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. பருப்புக்குப் பிரஷர் குக்கர் கட்டாயமானது. தேத்தண்ணி சாயம் இறங்க மறுத்தது. குளிருக்கு மொன்றியலில் முன்பே குறைவில்லாததால் மலையின் அந்தப் பங்கை யாரும் கவனிக்கவில்லை. சென்னையிலிருந்து படிக்க வந்து கடைக்கு எதிரே வாடகைக்கு இருந்த ராஜசேகரன் கைபேசியை நீட்டி, "அங்கிள், ஊட்டியவிட ஹைட்டு காட்டுது. போன் அவுட்டுனு நெனச்சு புதுசு வாங்கிட்டேன், அதுவும் இதையேதான் சொல்லுது" என்றான். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் மலைக்காற்று என்று வாடகையைக் கூட்டப் பார்த்தார். குடியிருந்தவர்கள் மூச்சு வாங்க வாங்கச் சண்டை பிடித்து அதைத் தடுத்தார்கள். தெருமுனைப் பூங்காவில்தான் கழகத்தின் மைதானம். வருகிற அணிகள் இருபதாவது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நின்றன. ஆறு கோல், ஏழு கோல் என்று பெடியங்கள் போட்டார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் தெரு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது: புள்ளிக்கு ஒரு மீட்டர், வெற்றி ஒன்றுக்கு மூன்று. முதல் பருவ முடிவில் கழகம் மேற்பிரிவுக்குப் போனது, செல்வமலர் ஒவ்வொரு படியிலும் நிற்கத் தொடங்கினார்.

மூன்றாம் ஆண்டுக் கோடையில் ஆஸ்பத்திரியில் வைத்தியர் பிரெஞ்சில் சுருக்கமாகச் சொன்னார்: இவர் மலையை விட்டு இறங்க வேண்டும், அடுத்த குளிர்காலம் இவருக்குத் தாங்காது. சண்முகலிங்கம் வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாளைக்கு ஸ்காபரோவில உம்மட அக்காவோட போய் இரும்" என்றார்.

"நான் ஏன் போக? இருபத்தாறு வருசமா இருக்கிற வீடு. நேற்று வந்தது உங்கட மலை. அதை அனுப்புங்கோ," என்றார் செல்வமலர். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

முதலில் தோற்றுப் பார்க்கலாம் என்று சண்முகலிங்கம் நினைத்தார். கோல் காப்பாளன் விதுர்சனைக் கூப்பிட்டு, விடு தம்பி, ரெண்டு மூண்டை விடு என்று கெஞ்சினார். "அவங்கள் அடிச்சால்தானே அண்ணை நான் விட?" என்றான் அவன். அது உண்மை. பெனால்டி கொடுத்த அன்றுகூட, அடிக்க வந்தவன் பந்துக்கு இரண்டடி முன்னால் முழங்காலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். பிறகு எவரிஸ்தோவை அழைத்தார். எவரிஸ்தோ அனுதாபத்தோடு பேசினார். கழகத்தை வேண்டுமானால் பாதி விலைக்குத் திரும்ப எடுப்பேன், பிலோனை எந்த ஊரிலும் எவரும் திருப்பி எடுத்ததில்லை என்றார். அடுத்து வாங்குகிறவர் தன் வாயால், யாரும் சொல்லிக்கொடுக்காமல், மேலே ஏதாவது போடு என்று கேட்க வேண்டும். கேட்டால் போய்விடும். கேட்காமல் கழகம் மட்டும் போனால், உயரம் அங்கேயே தங்கிவிடும், பிறகு அதைக் கொசுறாகச் சேர்த்துவிட ஒரு சரக்கும் கையில் இருக்காது. பஸ் முதலாளியின் மனைவிக்கும் இப்படித்தான் மூச்சு முட்டியது என்றார். அந்த அம்மா என்ன ஆனார் என்று வினோஜா கேட்டாள். எவரிஸ்தோ மிளகாய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

முதலில் வந்த வாங்குநர் கியூபெக்காரர், நல்ல மனிதர், அதுதான் பிரச்சினை. சண்முகலிங்கம் ஒரு விலை சொன்னார். அவர் சரி என்றார். பேரம் பேசாதவன் எங்கே கொசுறு கேட்கப் போகிறான்? பேரத்துக்கு இழுக்க விலையைக் கூட்டினார். அவர் கொஞ்சம் யோசித்து அதற்கும் சரி என்றார். இரட்டிப்பாக்கினார்; வந்தவர் பேனையை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்ட விலைக்கு மேலேயே கிடைத்த வியாபாரத்தைச் சண்முகலிங்கம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அவர் போன பிறகு சண்முகலிங்கம் அரிசி மூட்டையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பெடியங்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று எண்ணிக் கடைக்குள் வராமல் போனார்கள். மேலே படிக்கட்டில் காலடிச் சத்தம் நான்காவது படியில் நின்றது, வெகுநேரம் நின்றது.

2024 கார்த்திகையில், முதல் பனி விழுந்த வாரம், ரொறன்ரோவிலிருந்து அல்பேட்டும் மனைவி கிறேஸும் வந்தார்கள். அல்பேட் ஸ்காபரோவில் நொறுக்குத்தீனி மொத்த வியாபாரி. மருமகன்மாரின் அணிக்கு ஒரு பழைய கழகம் தேடிக்கொண்டிருந்தார். ஆள் பேரம் பேசினார்! சண்முகலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அல்பேட் எழுந்து போவதுபோலப் போனார், வாசலில் நின்றார், திரும்பி வந்தார். இவர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தார், அவர் பெற்றோலுக்குப் போன காசைச் சொன்னார். நாலாவது தேத்தண்ணியில் விலை படிந்தது. கைகொடுத்தார்கள். சண்முகலிங்கம் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அல்பேட்டின் வாய் திறந்தது.

"அப்ப வாறம் அண்ணை," என்றது.

கனடாவில் முப்பது வருடம் இருந்ததில் அல்பேட்டுக்குக் கொசுறு கேட்க வெட்கம் வந்திருந்தது. சண்முகலிங்கம் அவருக்குப் பின்னாலேயே போனார். வேறு ஏதும் வேணுமோ என்று கேட்க முடியாது, கேட்டால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். மேசைமேல் இருந்த முறுக்கை நகர்த்தி வைத்தார், இருமினார், கதவை மிக மெதுவாகத் திறந்தார். வெளியே படிக்கட்டின் நடுவில் செல்வமலர் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அல்பேட் காரில் ஏறித் திறப்பைப் போட்டு ஸ்டார்ட் செய்தார். கிறேஸ் மட்டும் இன்னும் கடைக்குள்ளேயே நின்று மிக்சர் பைக்கற் ஒன்றை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட பைக்கற்றெல்லாம் என்ன அண்ணை இப்பிடிக் கொழுத்திருக்கு? இதே கொம்பனிச் சாமான்தான் நாங்களும் விக்கிறம், எங்கட கடையில சூம்பிப்போய்க் கிடக்கு."

சண்முகலிங்கம் தராசில் இல்லாத தூசியைத் தட்டினார். கிறேஸ் பைக்கற்றைப் பார்த்தார், வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்த தபால்காரியைப் பார்த்தார், மாடிப்படியில் நின்ற செல்வமலரைப் பார்த்தார். வியாபாரியின் மகள், வியாபாரியின் மனைவி. கணக்கு எங்கே போகிறதென்று முகத்தில் தெரிந்தது.

"அஞ்சு மணித்தியாலம் ஓடி வந்தனாங்கள்," என்றார். "விலையிலயும் பெரிசா இறங்கேல்லை. மேல ஒண்டும் போட்டுவிட மாட்டீங்களோ?"

"தங்கச்சி," என்றார் சண்முகலிங்கம். "என்னட்டை இருக்கிறது இந்த உயரம்தான். ஒளிக்காமல் சொல்லுறன், சோறு வேகாது. தொய்வுக்காரர் இருந்தால் கூடாது."

"எங்கட ஸ்டோர் இருக்கிற றோட்டில மனிசர் குடியில்லை, வெறும் கிடங்குகள்தான். கழகத்தை அந்த விலாசத்திலயே பதியுறம். விளையாட்டும் அங்க பக்கத்து வெளியில. பைக்கற் உப்புமல்லோ?"

"உப்பும்."

"சும்மா எண்டா போடுங்கோ."

சண்முகலிங்கம் போட்டார். ஆனால் முப்பது வருடத் தராசுக்காரர். கை தானாகவே அளந்தது. எவரிஸ்தோ தந்தது இரண்டாயிரத்து அறுநூற்று எண்பது. அதைத்தான் கொடுத்தார். பெடியங்கள் வென்று சேர்த்தது இந்த மண்ணில் விளைந்தது, அது கொசுறில் சேராது. கார் பக்கத்து அக்காடி மெட்ரோ நிலையத்தைத் தாண்டியபோது கடையிலிருந்த பைக்கற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. செல்வமலர் நெற்றியை எடுத்தார், ஒரு மூச்சை அடிவயிறுவரை இழுத்தார், அதை விட மனமில்லாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு மீதிப் படிகளை இறங்கி வந்து, "இண்டைக்கு மிக்சர் போகேல்லையோ?" என்று கேட்டார். சண்முகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் சோறு இருபது நிமிடத்தில் வெந்தது.

ஸ்காபரோவில் ஆளில்லாத ஒரு கிடங்குத் தெருவில் பைக்கற்றுகள் இப்போது நல்ல விலைக்குப் போகின்றன என்று கேள்வி. பெடியங்கள் புதுக் கழகம் தொடங்கி வரிசையில் நின்று கடைசிப் பிரிவில் இடம்பிடித்தார்கள். சொந்த மைதானத்திலும் தோற்கிறார்கள், வெளியிலும் தோற்கிறார்கள், மூச்சு மட்டும் வாங்குவதில்லை. அந்தத் தெரு இன்றும் பக்கத்துத் தெருவைவிட நூற்று எழுபத்தொரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் முனையில் திரும்பியதும் ஒரு கணம் நிற்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள் அவர்களுக்குக் காரணம் சொல்வதில்லை. தபால்காரி மூன்றாம் மாடிக்கு ஏறும்போது நடுப்படியில் ஆறுகிறாள். செல்வமலர் பம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்து, பிரெஞ்சில் போன்ஷூர் என்று வணக்கம் சொல்லி, அவள் உட்காரக் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுகிறார்.