நெல்லிக்கடவில் தங்கிய ஆள்

நெல்லிக்கடவுக்குப் பகல் பயணமாகப் போகிற வண்டிகள், போன தலைக்கணக்கு குறையாமல்தான் திரும்பி வரும். எப்போதாவது ஒருமுறை, திரும்புகிறவர்களில் ஒருவர் மட்டும் வேறு ஆளாக இருப்பார். கொல்லங்கோட்டுக்கு அப்பால் காயத்ரிப்புழையின் கரையில் இருக்கிற அந்த ஊர், வெளியூர் ஆள் ஒருவரை எப்போதும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். புதிதாக ஒருவரை எடுத்துக்கொள்கிற அன்று, பழையவரை அதே வண்டியில் அதே இருக்கையில் ஏற்றி அனுப்பிவிடும். ஊர் முகப்பில் இருக்கிற பலகையில் உப்புத் தோணிகள் வந்து நின்ற படித்துறை, பொதிமாடுகள் இளைப்பாறிய கல்மண்டபம், பாதியில் நின்றுபோன கோபுரம், ஒரு ராஜா மழைக்காலம் முழுக்கப் பாளையமிறங்கிய மைதானம் என்று எல்லாவற்றையும் மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள். ஆள் மாறுகிற விஷயம் மட்டும் அதில் இல்லை. பலகை வரலாற்றுக்காக வைத்தது, இது இப்போதும் நடப்பதுதானே என்பார்கள் ஊர்க்காரர்கள்.

எருத்தேன்பதி ரத்தினசாமி தென்னந்தோப்புக்காரர். எந்த இடத்திலும் கால் தரிக்காதவர். கல்யாண வீட்டில் பாயசம் வருவதற்குள் எழுந்து செருப்பைத் தேடுவார். கோயிலில் தீபாராதனை நடக்கும்போதே வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லி ஆளனுப்புவார். போன வழியில் திரும்பி வருவதும் அவருக்கு ஆகாது. ஒரே மரத்தை இரண்டு தரம் பார்க்கவா பிறந்தோம் என்பார். அவர் மனைவி ராமாத்தாள் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பின்னால் பாதி ஓட்டமாக நடந்தே பழகியவர். பழனி, குருவாயூர், மூணாறு, காசி வரைக்கும் போய் வந்திருக்கிறார். எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும், கூட்டத்துக்குள் முன்னால் போகிற கணவரின் சட்டை முதுகுதான் முதலில் நினைவுக்கு வரும்.

மழை விட்ட ஐப்பசியில் தென்னை விவசாயிகள் சங்கத்தார் காளிச்சாமியின் வேனைப் பிடித்து நெல்லிக்கடவுக்குப் போனார்கள். ரத்தினசாமியின் மகன் சிவப்பிரகாஷும் மருமகள் மௌனிகாவும் கூடப் போனார்கள். மற்றவர்கள் மண்டபத்துத் தூணைத் தடவிக்கொண்டிருந்த நேரத்துக்குள் ரத்தினசாமி கோபுரத்தையும் மைதானத்தையும் பார்த்து முடித்து, "பாத்தாச்சு, போலாமா?" என்று வேனுக்கும் கோயிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். ராமாத்தாள் படித்துறையில் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டார். புதுவெள்ளத்தின் செம்மண் நிறம் இன்னும் தெளியாமல், ஆறு ஒரு இடத்தில் நில்லாமல் சுழித்துக்கொண்டு ஓடியது. குஞ்சு மீன்கள் வந்து அவர் பாதத்து வெடிப்புகளைக் கொத்தின.

"ஏனுங்க, இன்னங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போனாத் தேவுலீங்க" என்றார் ராமாத்தாள்.

"நம்ம கெணத்துல இல்லாத தண்ணியா? ஏறு, ஏறு" என்று சொல்லிவிட்டு ரத்தினசாமி வேனுக்குப் போய், காளிச்சாமியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். கீழேயிருந்து "வர்றனுங்க" என்று குரல் வந்தது. ஓர் அம்மாள் படியேறி வந்து, ராமாத்தாளின் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து, ராமாத்தாளின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காளிச்சாமி தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது.

வந்த வழியில் திரும்பக்கூடாது என்பதால் கோவிந்தாபுரம் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அங்கே டீக்கடையில் வண்டி நின்றபோது ஜன்னலோரத்து அம்மாள், "எனக்குச் சீனி போடாம ஒரு கட்டன் சாயா சொல்லுங்கய்யா" என்றார். குரல் தெற்கத்திக் குரலாக இருக்கவே ரத்தினசாமி திரும்பிப் பார்த்தார். கறுத்து மெலிந்த, மூக்குத்தி போட்ட பெண்ணொருத்தி. பெயர் சுருளியம்மாள். வண்டன்மேட்டில் ஏலக்காய் பறிக்கிறவள். சில வருஷங்களுக்கு முன் எஸ்டேட் ஆட்களோடு நெல்லிக்கடவு பார்க்க வந்து நின்றுபோனவள்.

"என்னைய வையாதீகய்யா. நா ஏறணும்னு ஏறல. காலு படியேறுச்சு, வந்துட்டேன். அன்னைக்கு என் சீட்டுலயும் இப்பிடித்தான் ஒரு டீச்சரம்மா ஏறிப் போனாக" என்றாள்.

சிவப்பிரகாஷ் வண்டியைத் திருப்பச் சொல்லிக் கத்தினான். சங்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மேற்குத் தோட்டத்துக்காரர் ஒருவர், "கோவிச்சுக்காதீங்க ரத்தினசாமிண்ணா. இப்பத் திருப்பிட்டுப் போனா அந்தம்மா வந்துருவாங்க, செரி. அவீங்களுக்குப் பதுலா நம்மள்ல ஒருத்தரு அங்க நிக்கோணுமல்லங்க? ஆருன்னு நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார். சிவப்பிரகாஷ் மௌனிகாவைப் பார்த்தான். அவள் வயிற்றில் அப்போது நான்கு மாதம். அவன் கத்துவதை நிறுத்தினான். டீ ஆறியது. "வண்டிய ஊருக்கே உடப்பா காளிச்சாமி" என்று ஒரு குரல் சொன்னது. அதைச் சொன்னவர் ரத்தினசாமிதான்.

சுருளியம்மாள் அன்று அந்த வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் அவள் மகள் இந்து வண்டன்மேட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். அம்மா இல்லாத வருஷங்களில் அவளுக்குக் கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. அம்மாவும் மகளும் வாசலில் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு இட்லி சாப்பிட்டார்கள். கிளம்புவதற்கு முன் ரத்தினசாமி சுருளியம்மாளிடம், ஏன் உன்னைப் பிடித்துக்கொண்டது என்று கேட்டார்.

"அது ஆரையும் பிடிக்கிறதில்லய்யா. ஏலக்காட்டுல முப்பது வருசமா குனிஞ்ச தலை நிமிரல. அன்னைக்கு அந்தப் படியில உக்காந்ததும், இன்னுங் கொஞ்சம் இருந்துட்டுப் போவமேன்னு மனசு நெனச்சிருச்சு. அம்புட்டுத்தான். வர்றவுக எல்லாரும் போட்டோ எடுப்பாக, அடுத்து எந்த ஊருன்னு கேப்பாக, போயிருவாக. இருக்கணும்னு வேற ஒருத்தர் நெனைக்க இம்புட்டு வருசமாச்சு" என்றாள். அங்கே கஷ்டம் ஒன்றுமில்லை, வீட்டுக்கு ஒருநாள் முறைவைத்துச் சோறு போடுவார்கள், ரோட்டைப் பிடித்து வெளியே நடந்தால் மட்டும் ரோடு வளைந்து படித்துறைக்கே கொண்டுவந்து விட்டுவிடும் என்றும் சொன்னாள்.

ரத்தினசாமி அன்றைக்கே காளிச்சாமியின் காரை எடுக்கச் சொல்லித் தனியாகப் போனார். தனியாகப் போனால் ஊர் எடுத்துக்கொள்ள அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. ஓட்டுநர்களை அது எண்ணுவதில்லை. ராமாத்தாள் அதே படியில் இருந்தார். காரில் ஏறினார். ஊரெல்லையில் ஓடைப்பாலத்தைக் கார் தாண்டியதும் பின்சீட்டு காலியாக இருந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால், எதற்கோ அடுப்படிக்குள் வந்து எதற்கென்று மறந்துவிட்டவரைப் போல ராமாத்தாள் படியில் நின்றுகொண்டிருந்தார். ரத்தினசாமி அங்கே போன நொடியிலிருந்தே எப்போது கிளம்பலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஆளை நெல்லிக்கடவு எப்படி எடுத்துக்கொள்ளும்?

காவல் நிலையத்தில் புகார் வாங்கவில்லை. இருக்கிற இடம் தெரிந்த ஆளைக் காணாமல் போனவர் என்று எழுத முடியாது என்றார்கள். சிவப்பிரகாஷ் ஒருமுறை போய், அம்மாவுக்குப் பதிலாக நிற்கிறேன் என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று பார்த்தான். மௌனிகா காரை விட்டு இறங்காமல் கதவுப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் தனக்குப் பிடித்துப்போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருவரும் இருவராகவே திரும்பினார்கள்.

ரத்தினசாமி ஞாயிறுதோறும் போனார். முதலில் போனபோதெல்லாம், மோட்டார் அறைச் சாவி எங்கே, விதைக்கான தேங்காய் நெத்து யாருக்குச் சொல்லியிருந்தாய், பால்காரனுக்கு எந்தக் குடம் என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவார். வீட்டிலும் அவரால் இருக்க முடியவில்லை. உட்கார்ந்து பழக வேண்டுமென்று முற்றத்துச் சிமெண்டு பெஞ்சில் போய் உட்காருவார். சற்று நேரத்தில் பார்த்தால் தோப்பின் கடைசி வரப்பில் நின்றுகொண்டிருப்பார். எப்போது எழுந்தார், எப்படி வந்தார் என்று தெரியாது. ராத்திரியில் படுக்கையே அவரைத் தள்ளிவிட்டது. காலை வரை முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் மண் தேய்ந்து, மழைத் தண்ணீர் ஓடுகிற அளவுக்கு ஒரு வாய்க்கால் விழுந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் அதில் வாழைக்கன்று வைக்கலாமென்று யோசனை சொன்னார்கள்.

தை போய் மாசியும் வந்தது. ஆறு வற்றி, பாறைகள் தெரிய ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமாத்தாளுக்குக் கோபம் வந்தது. "என்னையக் கூட்டிட்டுப் போறக்குனே வர்றீங்க. வந்ததும் மணியப் பாக்கறீங்க. ஒரு நாளாச்சும் சும்மா வரப்படாதுங்களா?" என்றார். அடுத்த வாரம் ரத்தினசாமி கைக்கடிகாரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, ராமாத்தாளுக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தார். அக்கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணி கல்லில் விழுந்து, சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் இக்கரைக்கு வந்தது.

அப்போது ராமாத்தாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நம்ம மொதப் புள்ளைய எங்கீங்க வெச்சீங்க?" என்று கேட்டார்.

சிவப்பிரகாஷுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. ராமாத்தாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கத்தில் இருந்தபோது, ரத்தினசாமி துணியில் சுற்றித் தன்னந்தனியாக எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் எங்கே என்று சொல்லவில்லை. அவர் ஒரு இடத்தில் நின்றால்தானே கேட்பதற்கு? இத்தனை வருஷமும் அந்தக் கேள்வி அவருக்குப் பின்னாலேயே பாதி ஓட்டமாக வந்துகொண்டிருந்தது.

ரத்தினசாமி எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் நீண்டது, மறுபடி மடங்கியது. பிறகு சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸில் கொண்டுவந்தது, பக்கத்து சீட்டுக்காரர் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று சொன்னது, அதற்குத் தான் ஆமாங்க என்றது, தோப்புக்கு ஊர்வழியாகப் போகாமல் ஓடைக்குள் இறங்கிப் போனது, மண்வெட்டி கிடைக்காமல் தேங்காய் உரிக்கிற கடப்பாரையால் தோண்டியது. "கெணத்துக்குக் கெழபொறம் அந்தச் செவ்வெளனி மரம் இருக்குதல்ல, அதுக்கு அக்கட்டப் பக்கம். அப்ப அது கன்னு. என்ற இடுப்பொசரந்தான் இருக்கும்" என்றார். "தலை எந்தப் பக்கம்?" என்று ராமாத்தாள் கேட்டார். அவர் அதையும் சொன்னார். என்ன துணி என்று கேட்டார். அதையும் சொன்னார். முகம் யாரைப் போல இருந்தது என்று கேட்டபோது ரத்தினசாமி வெகுநேரம் யோசித்தார். அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அவசரமில்லை என்றும் நினைத்தார்.

மேலே காளிச்சாமி ஹாரன் அடித்தார். பழக்க தோஷத்தில் ராமாத்தாள் "வர்றனுங்க" என்று எழுந்து படியேறினார். ரத்தினசாமிக்கு ஹாரன் காதில் விழவில்லை. ஓடைப்பாலம் தாண்டியபின் கண்ணாடியில் பார்த்த காளிச்சாமி, பின்சீட்டில் ராமாத்தாள் இருப்பதைக் கண்டு வண்டியை ஓரங்கட்டினார். "அவீங்க எங்கீங்க?" என்றார். ராமாத்தாள் திரும்பிப் பார்த்தார். "இன்னும் சொல்லி முடிக்கலீங்க அவரு" என்றார். எருத்தேன்பதி வந்ததும் வீட்டு வாசலில் இறங்கியவர் உள்ளே போகாமல், கிணற்றுக்குக் கிழக்கே நேராக நடந்து, செவ்விளநீர் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். மௌனிகா நிறைவயிற்றோடு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அடுத்த ஞாயிறு ராமாத்தாள் நெல்லிக்கடவுக்குப் போனார். ரத்தினசாமி படியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஊர்க்காரர் ஒருவரிடம் பாக்குமரத்துக்கு வருகிற மஞ்சள் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகம் ராமாத்தாளின் அம்மாவைப் போல இருந்தது என்று சொன்னார். முன்நெற்றியில் மட்டும் தன்னுடைய சுழி என்றார். அன்று சாயங்காலம் காரில் திரும்பியவர் ரத்தினசாமி. அதற்கடுத்த வாரம் ராமாத்தாள். எந்த வாரம் யாருக்கு எழுந்திருக்க மனமில்லையோ அவர் அங்கே நிற்பார், மற்றவர் வருவார். மௌனிகாவுக்குப் பெண் பிறந்தபோது இங்கே இருந்தது ரத்தினசாமி. பெயர் வைத்தபோது ராமாத்தாள். ஒருமுறை பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு வங்கி மேலாளர் தண்ணீரில் காலை விட்டுவிட்டதால், ரத்தினசாமி வங்கி ஊழியர்களின் பஸ்ஸில் பொள்ளாச்சி போய் இறங்கி, அங்கிருந்து வீட்டுக்கு வந்தார். அந்த ஒரு மாதம் மட்டும் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு தோப்பெல்லாம் காட்டினார்கள். மாதம் முடிந்ததும் இருவருமாகக் கிளம்பிப் போய் மேலாளரை விடுவித்து அனுப்பினார்கள். அவர் மனைவி அழுது அழுது போன் செய்தபடி இருந்தது மட்டும் காரணமல்ல.

எருத்தேன்பதியில் இது இப்போது பேச்சாகவே இல்லை. தேங்காய் போடுகிறவர்கள், பால் சொசைட்டிக்காரர், வார்டு மெம்பர் என்று யார் வந்தாலும் கேட்டருகில் நின்று, "இந்த வாரம் ஊட்ல ஆருங்க?" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து வருவது ராமாத்தாளின் குரலாக இருந்தால் வந்த காரியத்தைச் சொல்லுவார்கள். ரத்தினசாமியின் குரலாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருவார்கள். அவர் பேசத் தொடங்கினால் சுலபத்தில் எழுந்து வர முடியாது.