பாதி நிரம்பிய டேங்க்

1

இந்தக் கதை ஒரு நாற்காலியில் பிறந்தது. வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போய், திரும்பும் வழியில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்த ராணுவ விமானிக்கு முதலாண்டு நினைவுக் கூட்டம். கட்டுரை எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விமானியின் மனைவிக்கு அவருடைய மெக்கானிக் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். அந்தம்மா உட்காரவில்லை, ஒன்றரை மணி நேரம் நின்றார். என் கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

("மேகங்களைக் கிழித்துப் பறந்த மாவீரன்...” என்று தொடங்கிப் பார்த்தேன். அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அடித்துவிட்டேன்.)

2

படைத்தளத்தில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். ஹெலிகாப்டரில் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் ஆளைப் பார்த்ததும் எடை சொல்வார். மனைவியை முதலில் சந்தித்தபோதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐம்பத்தாறு.”

"ஐம்பத்தஞ்சுதான்!” என்று அவர் சண்டைக்குப் போனார். (பதினோரு வருடக் குடித்தனம் அந்த ஒரு கிலோவில் ஆரம்பித்தது.)

பதினாறு ஆண்டு சேவை. மலை முகாம்களுக்கு மண்ணெண்ணெயும் கடிதங்களும் கொண்டுபோனார். பிரசவ வலியில் துடித்த பெண்ணைக் கொண்டுவந்தார். பயமே அறியாதவர் என்று...

படித்துக் காட்டிக்கொண்டிருந்த என்னை மனைவி அங்கேயே நிறுத்தினார். "பயமில்லையா? கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாத்ரூம் போவாரு. அதையும் எழுதுங்க.” எழுதிவிட்டேன்.

3

மெக்கானிக்கைத் தண்டனையாகக் கருவிக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

வெள்ள மீட்பு நடந்த அன்று தலைக்கு மேல் இறக்கைகள் சுழலச் சுழல எரிபொருள் நிரப்பினார்கள். அணைத்தால் நேரம் போய்விடும். எவ்வளவு நிரப்பியது என்று விமானி பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நான்காவது நடைக்கு டேங்க் பாதி நிரம்பியதுமே விமானி 'போதும்' என்று கையை வெட்டிக் காட்டினார். மெக்கானிக் தலையாட்டி மறுத்தார். விமானி இரண்டு விரலைத் தூக்கினார். வெள்ளம் சூழ்ந்த மொட்டைமாடியில் கூடுதலாக இரண்டு பேர். எரிபொருள் குறைந்தால்தான் அவர்களையும் தூக்க முடியும். மெக்கானிக் குழாயை உருவினார்.

விமானி எல்லோரையும் மேட்டுப் பள்ளி மைதானத்தில் பத்திரமாக இறக்கிவிட்டார். தனியாகத் திரும்பும்போது தளத்தை மழை மறைத்தது. சுற்றிச் சுற்றி இடம் தேடினார். டேங்க் வற்றிவிட்டது.

பதிவேட்டில் விமானியின் கையெழுத்து இல்லை. விசாரணையில் மெக்கானிக் சொன்னது: "அவசரத்துல நான்தான் பாதியில குழாயை எடுத்துட்டேன்.”

"ஏன் பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

"'விமானியின் தவறு'ன்னு ஒரே வரியில ஃபைலை மூடிடுவாங்க சார். அதோட, யாரோ ரெண்டு பேருக்காக வீட்டை மறந்துட்டாரேன்னு அந்தம்மா நினைச்சுட்டா? என்னைத் திட்டிட்டுப் போகட்டும். அவங்ககிட்ட மட்டும் இதைக் காட்டாதீங்க.”

வாக்குக் கொடுத்தேன்.

4

முடிவு (அ): அந்தம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது. மெக்கானிக் மௌனமாக ஓய்வு பெறுகிறார். (கதை நன்றாக இருக்கும். நான் நன்றாக இருக்க மாட்டேன்.)

முடிவு (ஆ): காப்பாற்றப்பட்ட இருவரும் அந்தம்மா வீடு தேடி வந்து அழுகிறார்கள். (சினிமா.)

முடிவு (இ):

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தம்மா படிக்க வந்துவிட்டார். மூன்றாம் பகுதியை மட்டும் உருவி இழுப்பறையில் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தேன்.

"ரெண்டுக்கு அப்புறம் நாலு வருதே? என்னவோ கடைசி வரை எனக்குத் தெரியாதுன்னு வேற எழுதியிருக்கீங்க. எடுங்க அதை.”

எடுத்துக் கொடுத்தேன். இந்தக் கதையில் வாக்குத் தவறியவன் நான் ஒருவன்தான், அதற்காக வெட்கப்படுகிறேன்.

படித்தார். அழுதார். "படுபாவி, சொல்லாமலே போயிட்டானே” என்றார். விமானியையா, மெக்கானிக்கையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

"ஒரு வருஷமா அந்த மனுஷன் மூஞ்சியிலயே முழிக்கல நான். இதை முழுசாப் போடுங்க, ஒரு வரி குறையக் கூடாது. அவர் வீடு எங்க இருக்கு?”

முகவரி எழுதிக் கொடுத்தேன். போய்விட்டார். அதிலிருந்து மெக்கானிக் என் போனை எடுப்பதில்லை. இரண்டு பேரையும் இப்போது உங்களுக்குத் தெரியும். கதவு திறந்ததும் முதலில் பேசியது யார், என்ன பேசினார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.