பொருளுக்குப் புறம்பான செய்தி

இராஜபாளையம், காயங்களுக்குக் கட்டும் காஸ் துணி பெருமளவில் உற்பத்தியாகும் ஊராகும். 1998ஆம் ஆண்டில் அவ்வூர் உற்பத்தியாளர் சங்கரலிங்கம் தம் தொழிலினருக்காக மின்னஞ்சல் குழு ஒன்றைத் தொடங்கினார். உறுப்பினர்கள் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதினர். ஒவ்வொரு மடலும் அவர் பார்வையிட்ட பின்னரே குழுவை அடைந்தது.

ஒருமுறை ஒரு திருமண அழைப்பிற்கு வாழ்த்துகள் குவிந்தமையால், வெளுத்த துணி ஏன் மஞ்சளாகிறது என்னும் அவசரக் கேள்வி கவனிப்பாரற்றுப் போயிற்று. கேட்டவர் திருவில்லிபுத்தூர் பொன்னுராஜ்.

"கல்யாணம், கருமாதி ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. காஸ் துணி மட்டும் பேசுவோம்" என்று சங்கரலிங்கத்துக்கு எழுதிப் பொன்னுராஜே விதி வகுத்தார்.

மறு ஆண்டு பொன்னுராஜ் மாரடைப்பால் காலமானார். சங்கரலிங்கம் மாலையுடன் சென்று வணங்கினார். ஆயினும் பொன்னுராஜின் மனைவி செல்லக்கனி குழுவில் போடுமாறு வேண்டிய இறப்புச் செய்தியை விதிப்படி வெளியிடவில்லை.

சில நாள்களில் பொன்னுராஜின் முகவரியிலிருந்து மடல் வந்தது: வெளுத்த துணி ஏன் மஞ்சளாகிறது?

சங்கரலிங்கம் முகவரியை இருமுறை சரிபார்த்தார்; இறந்தவருடையதேதான். எனினும் கேள்வி பொருளுக்கு உட்பட்டதாகவே இருந்தது. வெளியிட்டார்.

"ஏலே பொன்னுராஜு, எங்கலே போயிருந்த? மதினி அடைச்சு வச்சிருந்தாளா?" என்று கோயம்புத்தூர் உறுப்பினர் பால்ச்சாமி எழுதினார். அக்கேலியைச் சங்கரலிங்கம் வெளியிடாமல் நீக்கினார். பிறர் விடை எழுதினர். அதே கேள்வி மீண்டும் வந்தது.

சங்கரலிங்கம் திருவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறினார். பொன்னுராஜின் கணினி உறையிட்டு, மின்கம்பி பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

"பாஸ்வேர்டு அவியளுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார் செல்லக்கனி. "பால்ச்சாமி அண்ணாச்சி போன் போட்டு, 'அவனக் கூப்பிடு மதினி'ங்காக. அவிய செத்துட்டாகன்னு எம்புட்டுப் பேருக்கு நான் சொல்ல? குழுவுல ஒரு வரி போட்டு அவியள அனுப்பி வைங்க."

"அவன் வச்ச விதிம்மா அது."

"அதனாலதான் போக ஏலாம நிக்காக."

திரும்பியதும் அவர், 'பொன்னுராஜ் காலமானார்' என்று எழுதி வெளியிட்டார். உடனே அம்முகவரியிலிருந்து மடல் வந்தது:

"இது பொருளுக்குப் புறம்பானது. நீக்கவும்."

நீக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தார். பின்னர்க் கையை எடுத்துக்கொண்டார். இரங்கல் மடல்கள் வரத் தொடங்கின, ஒன்றையும் தடுக்கவில்லை. மஞ்சள் துணியைப் பற்றி அதன்பின் எவரும் கேட்கவில்லை.

"ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியேலே" என்று பால்ச்சாமி எழுதியிருந்தார். அதனையும் வெளியிட்டார்.